இடது பின்சக்கரம்

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு, ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் புஷ்பவள்ளி இரண்டு செங்கற்களோடு குந்தியிருந்தாள். பட்டாசுக் காகிதம் சாலையோரம் சிவப்பாகக் குவிந்து கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. முன்சக்கரங்கள் உருளாதபடி செங்கற்களை முட்டுக்கொடுத்துவிட்டு, பின்பக்கம் வந்து ஜாக்கியை அடியில் தள்ளினாள். மறுநாள் காலை பத்து மணிக்குள் இந்தக் கார் ஜாவிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்குள்ள சிறையிலிருந்து அவளுடைய ஒரே மகன் வாசு வெளியே வருகிறான்.

கார் உள்நாட்டிலேயே தயாரான ஒரு பழைய ஈஸ்வரா. இருபத்திரண்டு வயது. இரண்டு மாதமாக இடது பின்சக்கரத்தில் ஓர் உறுமல். முதலில் எங்கோ விமானம் போவதுபோல மெல்லியதாக இருந்தது. அப்புறம் அறுபதைத் தாண்டினாலே வானொலி கேட்காத அளவுக்கு வளர்ந்துவிட்டது. வலது பக்கம் திருப்பினால் கூடும், இடது பக்கம் திருப்பினால் குறையும். மெக்கானிக் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, பேரிங் தேய்ந்து போயிற்று என்றார். இப்படியே ஓட்டினால் ஒரு நாள் சக்கரம் இறுகிக்கொள்ளும், இல்லாவிட்டால் ஓடும்போதே கழன்றுவிடும் என்றும் சொன்னார். புதிய பேரிங் புத்தாண்டுக்கு முந்தின சாயங்காலம்தான் வந்தது. பெட்டியை அவள் கையில் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வா என்று சொல்லிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விட்டார். ஊரில் வேறு பட்டறை எதுவும் திறந்திருக்கவில்லை.

ஃபேக்டரியில் கூட வேலை செய்யும் காமினி போனில் திட்டினாள்.

“கிரேப் டாக்சி எடுத்துட்டுப் போயேன்லா. ஒனக்கு எதுக்கு இந்த வேல?”

“வேற ஒருத்தர் ஓட்டுற காடியில உக்காந்து நான் என் மகன்கிட்ட என்னா பேசறது, காமினி?”



புஷ்பவள்ளிக்கு ஐம்பத்தைந்து வயது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடமாக வேலை. கணவர் அர்ஜுனன் மாரடைப்பில் போனபிறகு, இந்தக் காரின் பின் பிரேக்கை அவளே இரண்டு தடவை மாற்றியிருக்கிறாள். பிரேக் டிரம்மைக் கழற்றிப் பூட்டுவது வரை தெரியும். அதற்குள் இருக்கும் பேரிங்கை மட்டும் மாற்றியதில்லை. முந்தின நாள் யூடியூபில் அதை நாலு தடவை பார்த்து, ஒரு தாளில் வரிசையாக எழுதிவைத்திருந்தாள்.

சக்கரத்தைக் கழற்றினாள். நடுவிலிருந்த தகர மூடியை நெம்பி எடுத்தாள். நட்டைத் தடுக்கும் பின்னை உருவினாள், பெரிய நட்டைத் திருகி எடுத்தாள். வெளிப்பக்கத்துப் பேரிங் அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. தேன் நிறத்தில் இருக்க வேண்டிய கிரீஸ் கறுத்து, தண்ணீர் புகுந்து, துருவும் மண்ணுமாக இருந்தது. துணியால் துடைத்து வெயிலில் காட்டினாள். உருளைகளில் அம்மைத் தழும்புபோலக் குழிகள். இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஓட்டினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தக் கார் முன்பே ஓர் உயிரை எடுத்திருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை விடிகாலை. இரவு வேலை முடிந்து வாசு திரும்பிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. ஃபிளாட்டுக்கு முன்னால் சாலை வளையும் இடத்தில் கைபேசியைப் பார்த்தான். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவதற்காகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார் ஆசியா பீவி. இரண்டாவது மாடிக்காரர். அவரைப் புஷ்பவள்ளி ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். நோன்பு மாதம் முழுவதும் தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தனுப்புகிறவர். கார் அவர்மேல் மோதியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

வாசு எதையும் மறைக்கவில்லை. போலீசிடமும் சொன்னான், நீதிமன்றத்திலும் சொன்னான்: “போனைப் பார்த்தேன்.” ஐந்து வருடத் தண்டனை. நன்னடத்தைக் கழிவு போக மூன்று வருடம் நான்கு மாதம்.

ஆசியா பீவியின் கணவர் அப்துல் ஹமீது அதன்பிறகு புஷ்பவள்ளியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டைக்கும் வரவில்லை. மையத்து வீட்டுக்கு அவள் போய் வாசலில் நின்றபோது, அவர் எழுந்து உள்ளே போனார். அவ்வளவுதான். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடம் அது. நாலாவது மாடியிலிருக்கும் புஷ்பவள்ளி, முன்பக்கத்துப் படிக்கட்டில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு தாண்டுவாள்.

வழக்கு முடிந்து போலீஸ் திருப்பிக் கொடுத்த காரை விற்கத்தான் பார்த்தாள். அக்கம்பக்கத்தில் விசாரித்தவர்கள் வாங்க மறுத்தார்கள். வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் முன்பக்கத் தகரத்தை மாற்றி, அவளே ஓட்டத் தொடங்கினாள். ஹமீதின் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத பின்மூலையில் நிறுத்துவாள். சிறைக்கு மகனைப் பார்க்கப் போனதும் அதில்தான். அதை அவனிடம் அவள் சொல்லவே இல்லை.

டிரம் கழன்று வந்தது. அதற்குள் இறுகியிருந்த, பேரிங்குகள் உட்காரும் பழைய இரும்பு வளையங்களைத் தட்டி வெளியே தள்ள ஒரு மணி நேரம் பிடித்தது. பிறகு புதிய வளையத்தை வைத்து, சுத்தியலால் அடித்தாள். ஒரு பக்கம் இறங்கியது. மறுபக்கத்தை அடித்தாள். அது இறங்காமல் முதல் பக்கம் இன்னும் சரிந்தது. இன்னும் வேகமாக அடித்தாள். இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் நாலு பக்கச் சுவரிலும் பட்டு எதிரொலித்தது.

“நிறுத்து.”

திரும்பிப் பார்த்தாள். கைலியும் வெள்ளை பனியனுமாக அப்துல் ஹமீது நின்றிருந்தார். அறுபத்தாறு வயது, முப்பது வருடம் லாரி ஓட்டியவர். தாடி முழுவதும் நரைத்திருந்ததை அவள் அன்றைக்குத்தான் நேருக்கு நேராகப் பார்த்தாள்.

“வளையம் கோணிப் போச்சு. இன்னும் அடிச்சேன்னா டிரம்மு வெடிச்சிரும்.”

அவள் எழுந்து நின்றாள். கையிலிருந்த சுத்தியலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“அண்ணே…”

“ரெண்டு மாசமா இந்தச் சத்தம் எனக்குக் கேக்குது. காலையில நீ வாசல் கேட்டத் தாண்டுறப்ப கேக்குது, சாய்ந்தரம் உள்ள வர்றப்ப கேக்குது. நீயே பெங்கேலுக்குக் கொண்டு போவேன்னு பாத்தேன்.”

“பெங்கேல், பட்டறை எல்லாம் பூட்டிட்டாங்க அண்ணே. தொறக்க ஒரு வாரம் ஆவும்.”

“ஒரு வாரம் ஓட்டாம இரு.”

“நாளைக்கு ஓட்டணும்.”

“எங்க?”

நிபோங் திபாலில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. இந்த மனிதரிடம் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

“ஜாவிக்கு. நாளைக்கு வாசுவ வுடுறாங்க.”

ஹமீது அசையாமல் நின்றார்.  கை மட்டும் பனியனின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு திரும்பிப் படிக்கட்டுப் பக்கம் போனார். செருப்புச் சத்தம் மேலே ஏறி ஓய்ந்தது.

புஷ்பவள்ளி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, கிரீஸ் கையால் முகத்தைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸில் போய்க்கொள்ளலாம், இந்த வண்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். 

பத்து நிமிடம் ஆகியிருக்கும். செருப்புச் சத்தம் மறுபடி இறங்கி வந்தது. ஹமீதின் ஒரு கையில் பழைய பிஸ்கட் தகரம், மறுகையில் ஒரு முழ நீளப் பித்தளைக் கம்பி.

“இது ஒனக்காவ இல்ல. அவனுக்காவவும் இல்ல,” என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல், டிரம்மைப் பார்த்துச் சொன்னார். “இந்தச் சக்கரம் ஜாலான்ல, நடு ரோட்டுல கழண்டு ஓடுச்சுன்னா, எவன் வீட்டுலயோ ஒரு ஆளு காலையில வெளிய போயிட்டுத் திரும்பி வராது. அதுக்குத்தான்.”

அவள் தலையசைத்தாள்.

அவர் டிரம்மைத் திருப்பிப் போட்டு, சரிந்திருந்த பக்கத்தைப் பின்னாலிருந்து கம்பியால் மெல்லத் தட்டினார். வளையம் கழன்று வந்தது. அதைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். கீறல் இல்லை. துளையைத் துடைத்துக் கிரீஸ் தடவி, வளையத்தை நேராக வைத்து, அதன்மேல் பழைய வளையத்தைத் தலைகீழாக வைத்தார். பழையது அடியைத் தாங்கிக்கொள்ள, புதியது அதற்குக் கீழே சமமாக இறங்கியது. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் எதிர்ப்பக்கம் என்று மாறி மாறித் தட்டினார். திடீரெனச் சத்தம் மாறியது. கணீரென்று இருந்தது கனத்துப் போயிற்று.

“ஒக்காந்துருச்சு,” என்றார்.

மறுபக்கத்து வளையத்தையும் அதேபோல இறக்கினார். உட்பக்கத்துப் புதிய பேரிங்கை அவர் எடுத்துக்கொண்டார். வெளிப்பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு நடுவே கிரீஸ் பிதுங்கி மறுபக்கம் வரும் வரை திணிக்க வேண்டும். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து அதைச் செய்தார்கள்.  மேல்மாடியில் யாரோ துணி உதறினார்கள்.

காரின் முன்பக்கத்தை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பேனர் முன்பக்கம் கிடந்தபோது அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். புஷ்பவள்ளி அதைக் கவனித்தாள். அவர் எவ்வளவு பெரிய ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது.

டிரம்மை மாட்டினார்கள். அவள் டிரம்மைச் சுழற்றிக்கொண்டே இருக்க, அவர் நட்டை இறுக்கினார். பிறகு தளர்த்தினார். மறுபடி கையால் மட்டும் திருகி நிறுத்தினார். அவள் பழைய பின்னை நீட்டியதும் வாங்க மறுத்து, தகரத்திலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துச் சொருகி, முனைகளை மடக்கினார். சக்கரம் பூட்டியானதும் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். துளிகூட அசையவில்லை. கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். சக்கரம் சத்தமே இல்லாமல் வெகு நேரம் சுற்றியது. இருவரும் அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழாயடியில் சோப்புத்தூள் போட்டுக் கை கழுவும்போது அவர் சொன்னார்.

“அவன் எங்க வீட்டு வாசலத் தாண்டிப் போவக் கூடாது.”

“பின்னால ஒரு படி இருக்குண்ணே. அதுல ஏறுவான்.”

“கொஞ்ச நாளைக்கு இல்ல. எப்பவும்.”

“எப்பவும்,” என்றாள் புஷ்பவள்ளி.

தகரத்தை எடுத்துக்கொண்டு அவர் நடந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தவள், அந்த வார்த்தை அவருக்கு என்ன செய்யும் என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

மறுநாள் பத்தரை மணிக்குச் சிறையின் சின்னக் கதவு திறந்து வாசு வெளியே வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. தலை ஒட்ட வெட்டியிருந்தது. சட்டை தோளிலிருந்து தொங்கியது. அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவன், அவளுக்குப் பின்னால் நின்ற காரைப் பார்த்து நின்றுவிட்டான்.

“இத ஏம்மா கொண்டாந்தே?”

“இதுலதான்டா வேலைக்குப் போறேன். ஒன்னப் பாக்க வந்ததெல்லாம் இதுலதான்.”

“வித்துட்டேன்னு நெனச்சேன்.”

“நீ கேக்கல. நான் சொல்லல.”

அவன் ஓர் அடி பின்னால் போனான். “நான் பஸ்ல வர்றேன்ம்மா. நீ போ. நான் எப்படியாச்சும் வந்துர்றேன்.”

“வாசு.”

“முடியாதும்மா.”  சாலையோரச் சாக்கடைத் திட்டில் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

அவனோடு தனியாக இருக்க வேண்டும் என்றுதான் அவள் இவ்வளவும் செய்தாள். இந்தக் கார் அவனுக்கு என்னவாக இருக்கும் என்று ஒரு நிமிடமாவது யோசித்தோமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். யோசிக்கவில்லை. மூன்று வருடமாகத் தினமும் ஓட்டி ஓட்டி அவளுக்கு அது வெறும் காராகிவிட்டது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். உறுமல், பூட்டிக்கிடந்த பட்டறை, கோணிப்போன வளையம், பித்தளைக் கம்பி எல்லாவற்றையும் சொன்னாள்.

வாசு தலையை நிமிர்த்தினான். “ஹமீது மாமாவா?”

“அவருதான். அவரு கையாலதான் நட்டு முடுக்குனாரு.”

“இந்தக் காடியத் தொட்டாரா?”

“தொட்டாரு.”

“என்னா சொன்னாரு?”

“எவன் வீட்டுலயும் இன்னொரு ஆளு போவக் கூடாதுன்னு சொன்னாரு.”

 ஒரு லாரி எண்ணெய்ப்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு போனது. வாசு எழுந்து, பையின் பிடியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, காரின் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தான்.

“முன்னால வாயேன்டா.”

“இங்கயே இருக்கேன்ம்மா.”

அவள் ஓட்டினாள். நெடுஞ்சாலையில் எண்பதைத் தொட்டபோதும் காற்றின் சத்தம் மட்டும்தான் கேட்டது. பேச வேண்டும் என்று எத்தனையோ சேர்த்துவைத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. கண்ணாடியில் அவன் முகம் அவ்வப்போது தெரிந்தது. இரண்டு கையாலும் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தான். தீவுக்குப் போகும் கடல் பாலத்தில் ஏறி, தண்ணீர் தெரிந்ததும்தான் வாய் திறந்தான்.

“நான் அவருகிட்ட போயி மன்னிப்புக் கேக்கவாம்மா?”

அவள் கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

“கேட்டா அவரு ஏதாச்சும் சொல்லியாவணும். அந்தப் பாரத்த அவரு தலையில வைக்காத. இன்னொன்னும் சொன்னாரு. நீ அவரு வாசலத் தாண்டக் கூடாதாம். எப்பவும்.”

“சரிம்மா.”

“கஷ்டமா இருக்கா?”

“இல்ல. எனக்குன்னு ஏதோ ஒன்னு சொல்லியிருக்காரே.” 

பின்படிக்கட்டு குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அன்று அதில் ஏறியவன், பிறகு எப்போதும் அதில்தான் ஏறி இறங்கினான். மூன்றாம் வாரம் மொத்த விற்பனைச் சந்தையில் காய்கறி இறக்கும் வேலை கிடைத்தது. விடியும் முன்னே நடந்தே போவான், நடந்தே வருவான். கார் சாவி ஆணியில் தொங்கும். அவன் அதைத் தொடமாட்டான். அவளும் கேட்கவில்லை. முன்படிக்கட்டில் அவளும் ஹமீதும் எதிர்ப்பட்டால், அவர் பழையபடி வேறு பக்கம் பார்ப்பார். அவள் பழையபடி தலைகுனிந்து தாண்டுவாள்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குப்பைப் பையோடு கீழே போன வாசு வெகு நேரம் திரும்பவில்லை. வந்தபோது சமையலறைக் கதவருகே நின்றான். 

“என்னாடா?”

“கீழ ஹமீது மாமா வந்தாரும்மா. குப்பை போட. நான் பாக்கல. திரும்பினா எதுர்ல நிக்கிறாரு.”

புஷ்பவள்ளி கீரை அலசுவதை நிறுத்தினாள். “திட்டினாரா?”

“இல்ல. நான் செவுத்தோட ஒட்டி நின்னுட்டேன். எங்க போறதுன்னு தெரியல. அவரு என்னையே பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.”

“அப்புறம்?”

“‘எளைச்சிட்ட’ன்னாரு. குப்பைப் பையப் போட்டுட்டுப் போயிட்டாரு.”

 சொல்லி முடித்ததும் வாசு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். புஷ்பவள்ளி அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.